அப்டேட் போட்டதும் டெஸ்க்டாப் வராமல் போனால்: லினக்ஸில் அறுந்துபோன சார்புகளைச் சரிசெய்யும் வழி

அப்டேட் போட்டுவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்கிறீர்கள். வழக்கமாக வரும் உள்நுழைவுத் திரை வரவில்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்குகிறது. லினக்ஸுக்குப் புதிதாக வந்த பலர் இந்த இடத்தில்தான் பென்டிரைவைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். சிலர் லினக்ஸையே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் அவசியமே இல்லை. உங்கள் படங்களும் ஆவணங்களும் ஹோம் அடைவில் பத்திரமாக இருக்கின்றன. மென்பொருள் அப்டேட் அவற்றில் கைவைப்பதில்லை. சிக்கிக்கொண்டிருப்பது மென்பொருள்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டும்தான். அதில் எது குறைகிறது என்பதைக் கணினியே எழுத்தில் சொல்லிவிடும். நாம் அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகியவற்றை வைத்து எழுதுகிறேன். மூன்றும் ஒரே பொதி (பேக்கேஜ், அதாவது மென்பொருளைக் கட்டித் தரும் கோப்பு) முறையில் இயங்குபவை. ஃபெடோரா, ஆர்ச் பயன்படுத்துகிறவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் உண்டு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளை அடிக்கும் எழுத்துத் திரையில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். இடைவெளிகளையும் சிறுகோடுகளையும் இங்கே இருப்பதுபோலவே விடுங்கள். ஆப்ட் என்பது ஏ, பி, டி (apt) என்ற மூன்று எழுத்துகள். டிபிகேஜி என்பது டி, பி, கே, ஜி (dpkg) என்ற நான்கு எழுத்துகள்.

சார்பு எப்படி அறுகிறது

லினக்ஸில் ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. ஒலியை வெளியிட ஒரு நூலகம், எழுத்துருக்களைக் காட்ட இன்னொன்று, பாதுகாப்பான இணைப்புக்கு வேறொன்று என்று பொதுவில் இருப்பதை எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்கின்றன. இப்படி ஒன்று இன்னொன்றை நம்பியிருப்பதுதான் சார்பு. ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு குறிப்பு இருக்கும். 'டிபெண்ட்ஸ்' என்ற வரியில் தனக்கு எவை வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று அது சொல்லும். 'கான்ஃப்ளிக்ட்ஸ்', 'பிரேக்ஸ்' ஆகிய வரிகளில் யாரோடு சேர்ந்து இருக்க முடியாது என்று சொல்லும்.

இந்தக் குறிப்புகளைக் கையாள இரண்டு கருவிகள் இருக்கின்றன. கீழே இருப்பது டிபிகேஜி. 1994-இல் பிறந்தது. கையில் கொடுத்த பொதியைப் பிரித்து வைத்து அமைப்பது மட்டுமே அதன் வேலை. இணையத்துக்குப் போகாது, இல்லாததைத் தேடி எடுத்தும் வராது. மேலே இருப்பது ஆப்ட். 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்போடு வந்தது. சார்புகளைக் கணக்கிடுவதும் களஞ்சியத்திலிருந்து (இணையத்தில் பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்) இறக்குவதும் இதன் பொறுப்பு. பழுதுபார்க்கும்போதும் இதே வரிசைதான்: முதலில் டிபிகேஜி பாதியில் விட்டதை முடிக்க வேண்டும், அப்புறம்தான் ஆப்ட்.

அறுந்துபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அப்டேட் நடுவில் நின்றுபோவது. மின்சாரம் போயிருக்கலாம், மடிக்கணினியின் மூடியைச் சாத்தியிருக்கலாம், வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். அடுத்த காரணம், வெளிக் களஞ்சியங்களும் எங்கிருந்தோ இறக்கிய டெப் கோப்புகளும். இவை உங்கள் இயங்குதளத்தின் இப்போதைய பதிப்புக்காகக் கட்டப்பட்டவையாக இருக்கும். அடுத்த பதிப்புக்கு நீங்கள் மாறும்போது அவை கூடவே மாறுவதில்லை.

மூன்றாவது காரணம் நூலகத்தின் பெயரே மாறிவிடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்மைக் காலத்தில் நிறையப் பேரைக் குழப்பியது இதுதான். பழைய 32 பிட் முறையில் நேரத்தை எண்ணும் மென்பொருள்கள் 2038 ஜனவரி 19-க்கு மேல் எண்ண முடியாது. அதைச் சரிசெய்ய நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்ற ஒட்டு சேர்ந்தது. 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 இந்தப் புதிய பெயர்களோடுதான் வந்தது. 'லிப்அசவுண்ட்2' என்ற ஒலி நூலகம் 'லிப்அசவுண்ட்2டி64' ஆனது. ஏதோ ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து 'லிப்அசவுண்ட்2' என்று கேட்டால், நிறுவுவதற்கு அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். நூலகம் காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரு பொதி கிடைக்கவில்லை என்றால் அதன் பெயரோடு டி64 சேர்த்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முதலில் கணினிக்குள் நுழைவது

வரைகலைத் திரை வராவிட்டாலும் எழுத்துத் திரை கிட்டத்தட்ட எப்போதும் வரும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பயனர் பெயரைக் கேட்கும். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. அது இயல்புதான், அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

அதுவும் வரவில்லையென்றால் கணினியை அணைத்துவிட்டு இயக்குங்கள். உற்பத்தியாளரின் சின்னம் வரும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதை இயக்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் கிடைக்கும். பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதியின் பதிப்புகள்) வரிசையாக இருக்கும். முதலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்துவிட்டால் உங்கள் சிக்கல் வேறு. பெரும்பாலும் என்விடியா டிரைவர் புதிய கெர்னலுக்கு ஏற்பக் கட்டப்படாமல் போயிருக்கும். புதிய கெர்னலுக்குரிய 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' பொதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கெர்னலிலும் வரவில்லை என்றால் 'ரெகவரி மோட்' வரியைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் அங்கே வரும் பட்டியலில் 'நெட்வொர்க்' என்பதை இயக்கிவிட்டு 'ரூட்' என்பதற்குள் போனால் எழுத்துத் திரை கிடைக்கும். அந்தப் பட்டியலிலேயே உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் 'டிபிகேஜி' என்ற தேர்வும் இருக்கிறது. ஆனால் கையால் செய்வதையே நான் விரும்புகிறேன், என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

உள்ளே வந்ததும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். 'என்எம்டியுஐ' (nmtui) என்று அடித்தால் வைஃபையோடு இணைவதற்கான எளிய திரை வரும். அடுத்து,

டிஎஃப் -எச் (df -h)

என்று அடித்து வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். மூல அடைவோ (/), பூட் அடைவோ (/boot) 100 சதவீதம் நிறைந்திருந்தால் மேற்கொண்டு எதைச் செய்தாலும் பாதியில் நிற்கும். மூல அடைவு நிறைந்திருந்தால் 'சூடோ ஆப்ட் கிளீன்' என்ற கட்டளை ஏற்கெனவே இறக்கி வைத்த பொதிக் கோப்புகளை அழித்து இடம் தரும். அதனால் நிறுவியிருக்கும் எதுவும் போய்விடாது. சூடோ (sudo) என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்வது.

பழுது நீக்கும் மூன்று கட்டளைகள்

இவற்றை இதே வரிசையில் கொடுங்கள்:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

முதல் கட்டளை, பிரித்து வைத்துவிட்டு அமைக்காமல் விட்ட பொதிகளை அமைத்து முடிக்கும். சார்பு குறைவதால் சிலவற்றை அமைக்க முடியவில்லை என்று அது சொன்னால் கலங்க வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது, களஞ்சியத்தின் பட்டியலைப் புதுப்பிக்கும். மூன்றாவது, குறைகிற சார்புகளை இறக்கி நிறுவும். நடுவில் நின்றுபோன அப்டேட் என்றால் பெரும்பாலும் இத்தோடு டெஸ்க்டாப் திரும்பிவிடும்.

இடையில் 'லாக்' என்ற சொல்லோடு ஒரு பிழை வரலாம். வேறொரு நிரல் பொதிகளை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்டாக இருக்கலாம். சில நிமிடம் பொறுத்திருந்து மறுபடி முயலுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் குறிப்புகள் ஏராளமாகச் சுற்றுகின்றன, தயவுசெய்து கேட்காதீர்கள். கோப்பு இருப்பதால் மட்டும் பூட்டு விழுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் அதைப் பிடித்திருக்கிறது. நிரல் முடிந்ததும் பூட்டு தானே விடுபடும். ஓடும்போது அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்து, உண்மையாகவே பெரிய சேதம் ஆகும்.

மூன்றாவது கட்டளை உங்களிடம் சம்மதம் கேட்கும். இங்கே கையை எடுத்துவிட்டுத் திரையை மேலிருந்து படியுங்கள். நிறுவப்போகும் பொதிகள் ஒரு பட்டியல், மேம்படுத்தப்போகும் பொதிகள் இன்னொரு பட்டியல். அவற்றை ஓரளவு பார்த்தால் போதும். நீக்கப்போகும் பொதிகள் என்ற பட்டியல் ஒன்றும் இருக்கலாம். அதில் 'வில் பி ரிமூவ்டு' (புதிய ஆப்ட் பதிப்புகளில் 'ரிமூவிங்') என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் படித்தே ஆக வேண்டும். அங்கே 'டெஸ்க்டாப்', 'நோம்', 'சினமன்', 'பிளாஸ்மா', 'எக்ஸ்ஆர்க்', 'நெட்வொர்க்-மேனேஜர்' என்று ஏதாவது கண்ணில் பட்டால் இல்லை என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். நான் லினக்ஸுக்கு வந்த புதிதில் ஒரு பிரிண்டர் மென்பொருளை நிறுவும்போது அந்தப் பட்டியலைப் படிக்காமல் சம்மதித்துவிட்டேன். என் டெஸ்க்டாப் முழுவதும் அதில் இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பட்டியலைப் படிக்காமல் விட்டதில்லை.

இது எவருக்கும் நடக்கக்கூடியது. 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். அப்போது ஒரு சார்புச் சிக்கலால் ஆப்ட் டெஸ்க்டாப்பையே நீக்க முன்வந்தது. நீக்கப்போகும் பொதிகளைப் பட்டியலிட்டு எச்சரித்து, ஒரு முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போனது. அதற்குப் பிறகு ஆப்ட்டை உருவாக்குபவர்கள் அந்த வழியை இன்னும் கடினமாக்கினார்கள்.

பிழைச் செய்தியைப் படிப்பது

மூன்று கட்டளைகளும் கைகொடுக்காதபோது 'அன்மெட் டிபெண்டென்சீஸ்' என்ற செய்தி வரும். நிறைவேறாத சார்புகள் என்று பொருள். அதன் கீழே ஒரு பொதியின் பெயரும், அதற்கு வேண்டிய பொதியின் பெயரும், கடைசியில் ஒரு காரணமும் இருக்கும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் கவனிக்க வேண்டும். அது மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

'நாட் இன்ஸ்டாலபிள்' என்று முடிந்தால், நீங்கள் இயக்கியிருக்கும் எந்தக் களஞ்சியத்திலும் அந்தப் பொதி இல்லை. பெயர் மாறியிருக்கலாம், களஞ்சியம் அணைந்திருக்கலாம், அல்லது கேட்கும் மென்பொருள் வேறொரு பதிப்புக்காகக் கட்டப்பட்டதாக இருக்கலாம்.

'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு' என்று முடிந்தால், பொதி இருக்கிறது, ஆனால் அதை நிறுவ வேறு ஏதோ தடுக்கிறது. உண்மைக் காரணம் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. தடைபட்ட அந்தப் பொதியின் பெயரையே கொடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கேளுங்கள். அதற்கு அடுத்து எது தடை என்று சொல்லும். அதையும் அப்படியே கேளுங்கள். இரண்டு மூன்று தடவையில் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு வந்துவிடுவீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். விடை அங்கே இருக்காது.

'டு பி இன்ஸ்டால்டு' என்பதற்கு முன்னால் ஒரு பதிப்பு எண் வந்தால், வேண்டியது ஒரு பதிப்பு, கணினியில் இருப்பது அல்லது கிடைப்பது இன்னொரு பதிப்பு. இந்தத் தகராறில் கை கொடுப்பது இந்தக் கட்டளை:

ஆப்ட் பாலிசி

என்று அடித்து, பக்கத்தில் பொதியின் பெயர். எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது, எந்தெந்தக் களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு கிடைக்கிறது என்று காட்டும். நிறுவப்பட்ட பதிப்பின் கீழே களஞ்சிய முகவரி எதுவும் இல்லாமல் டிபிகேஜியின் 'ஸ்டேட்டஸ்' கோப்பு மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பு இப்போது எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. எப்போதோ ஒரு வெளிக் களஞ்சியத்திலிருந்தோ டெப் கோப்பிலிருந்தோ வந்த அனாதைப் பொதி அது. பல தடவை குற்றவாளி இதுதான். பெயருக்குப் பின்னால் சமக்குறி இட்டு, களஞ்சியத்தில் கிடைக்கும் பதிப்பு எண்ணைக் கொடுத்து நிறுவினால் அந்தப் பொதி முறையான பதிப்புக்கு இறங்கும். உபுண்டுவில் நீங்கள் சேர்த்த பிபிஏ (உபுண்டுவுக்கான ஒரு வகை வெளிக் களஞ்சியம்) தான் காரணம் என்றால் 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி, அதிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரே வீச்சில் உபுண்டுவின் பதிப்புகளுக்குத் திருப்பிவிடும்.

'ஹெல்டு ப்ரோக்கன் பேக்கேஜஸ்' என்ற வரி பலரைத் திசைதிருப்புகிறது. நீங்கள் எதையோ பிடித்து நிறுத்தி வைத்திருப்பதாக அது ஒலிக்கும். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் அந்த வரியை மறந்துவிட்டு அதற்கு மேலே இருப்பவற்றைப் படியுங்கள்.

டெஸ்க்டாப்பைத் திரும்ப வரவழைப்பது

பொதிகள் எல்லாம் சரியாகியும் டெஸ்க்டாப் வரவில்லை என்றால் அது நீக்கப்பட்டிருக்கலாம். ஆப்ட் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது:

லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

ஷிஃப்ட் விசையோடு ஜி எழுத்தை அழுத்தினால் கோப்பின் கடைசிக்குப் போகும். தேதி, நேரம், நீங்கள் கொடுத்த கட்டளை, 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியில் போன பொதிகள் எல்லாம் அங்கே இருக்கும். வெளியே வர க்யூ. உபுண்டுவில் 'உபுண்டு-டெஸ்க்டாப்', மின்ட் சினமனில் 'மின்ட்-மெட்டா-சினமன்', டெபியனின் நோம் சூழலுக்கு 'டாஸ்க்-நோம்-டெஸ்க்டாப்'. இந்தப் பெயரில் ஒன்றை நிறுவினால் அந்தச் சூழலின் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து வரும். பின்னணிப் படம், பலகை அமைப்பு போன்ற உங்கள் விருப்பங்கள் ஹோம் அடைவில் இருப்பதால் அவையும் பழையபடியே இருக்கும். உள்நுழைவுத் திரையைக் காட்டும் சேவை ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளையால் பார்க்கலாம். உபுண்டுவில் அந்தச் சேவையின் பெயர் ஜிடிஎம்3, மின்ட்டில் லைட்டிஎம் (lightdm).

செய்யக்கூடாதவை

டிபிகேஜிக்கு '--ஃபோர்ஸ்' என்று தொடங்கும் தேர்வுகள் உண்டு. அவை பிழைச் செய்தியை வாயடைக்கும், பிழையைத் தீர்க்காது.

இன்னொன்று, குறைகிற நூலகத்துக்குப் பதிலாக வேறு பதிப்பு நூலகத்தைக் குறுக்கிணைப்பு (ஒரு கோப்பின் பெயரில் இன்னொன்றைக் காட்டும் சுட்டி) போட்டு ஏமாற்றுவது. 2022-இல் வந்த உபுண்டு 22.04, பாதுகாப்பான இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. பழைய 1.1 நூலகம் களஞ்சியத்தில் இல்லாமல் போனதால் பல மென்பொருள்கள் அதைக் கேட்டு நின்றன. அப்போது இந்தக் குறுக்குவழி நிறையப் பரவியது. நூலகக் கோப்பின் பெயரில் இருக்கும் எண் அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே இருக்கும் செயற்கூறுகள் மாறி, பழைய மென்பொருளோடு ஒத்துப்போகாத நிலை வரும்போதுதான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள். ஏமாற்றி ஓட்டினால் மென்பொருள் ஓடும் நேரத்தில் விழும், அதுவும் பாதுகாப்பு நூலகத்தில். அந்த மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுங்கள், அல்லது ஃபிளாட்பேக் வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தனியாக வைத்துக்கொள்வதால் இயங்குதளத்தின் பொதிகளோடு மோதாது.

'கெப்ட் பேக்' என்று சில பொதிகளை ஆப்ட் நிறுத்தி வைத்தால் அதை வற்புறுத்தாதீர்கள். உபுண்டு சில அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத் தருகிறது. உங்கள் முறை வரும்போது தானே வரும். வாரக்கணக்கில் நிற்கிறது என்றால் மட்டும் 'ஆப்ட் -எஸ் ஃபுல்-அப்கிரேட்' என்று அடியுங்கள். அந்த -எஸ் இருப்பதால் எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று காட்ட மட்டும் செய்யும். 'அப்கிரேட்' எந்தப் பொதியையும் நீக்காது; 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

ஃபெடோரா, ஆர்ச்

ஃபெடோராவில் 'சூடோ டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்' எல்லாப் பொதிகளையும் களஞ்சியத்தின் பதிப்புகளோடு ஒத்துவரச் செய்யும். 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' பழைய செயல்களை எண்ணோடு பட்டியலிடும். அந்த எண்ணைக் கொடுத்து 'ஹிஸ்டரி அன்டூ' செய்தால், பழைய பதிப்புகள் களஞ்சியத்தில் இன்னும் இருக்கும்வரை, அந்தச் செயலைத் திருப்பலாம். ஆர்ச்சில் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு மென்பொருளை நிறுவுவதுதான் உடைவுக்குப் பெரிய காரணம். அப்படிப் பாதி மேம்படுத்துவதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. எப்போதும் முழு மேம்பாடாகவே செய்யுங்கள். ஏயுஆர் (ஆர்ச் பயனர்களே பராமரிக்கும் களஞ்சியம்) பொதிகள் உடைந்தால் அவற்றை மறுபடி கட்ட வேண்டும்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

டைம்ஷிஃப்ட் என்ற கருவியை நிறுவி வையுங்கள். மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய அப்டேட்டுக்கு முன் ஒரு நிலைப்படம் (அந்த நேரத்து இயங்குதளத்தின் நகல்) எடுத்துவிட்டால், பிறகு டெஸ்க்டாப் வராவிட்டாலும் லைவ் பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை அந்த நாளுக்குத் திருப்பலாம். அது ஹோம் அடைவைச் சேர்ப்பதில்லை, அது இயல்புநிலை அமைப்பு. உங்கள் கோப்புகளுக்குத் தனிக் காப்பு வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை என்றால் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். கேட்கும்போது உங்கள் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், பிழைச் செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தகராறு செய்யும் பொதியின் 'ஆப்ட் பாலிசி' வெளியீடு, ஹிஸ்டரி கோப்பின் கடைசிப் பகுதி ஆகியவற்றைக் கொடுங்கள். எழுத்துத் திரையிலிருந்து நகலெடுக்க வழியில்லை என்றால் கைபேசியில் படம் எடுத்து அனுப்பலாம், நீக்கப்போகும் பொதிகளின் பட்டியல் முழுவதும் படத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.